வேண்டுநேரக் காணொளியும் கேபிள் வலையமைப்பும்: சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தை முன்வைத்து

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் ஒருசேர முதற்பொருள் என வகுத்தார். நிலம் மாறப் பொழுதும் மாறும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பின்னர் இவ்வுறவு மெல்லத் தளர்ந்தது. உப்பளத்தில் உழைப்பவருக்கும் தேயிலைத் தோட்டத்தில் உழைப்பவருக்கும் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' ஒரே நாழிகையில்தான் வரும். அந்நேரம் வீட்டில் இல்லாதவருக்கு அந்நிகழ்ச்சி இல்லை.

பார்ப்பவர் தாம் விரும்பும் நிகழ்ச்சியைத் தாம் விரும்பும் நேரத்தில் வரவழைத்து, இடையில் நிறுத்தியும் பின்னோக்கி ஓட்டியும் காண உதவும் ஏற்பாட்டினை ஆங்கிலத்தார் 'வீடியோ ஆன் டிமாண்ட்' என்பர். கோரிக்கைக் காணொளி, தேவைவழிக் காணொளி எனப் பலவாறு இதனை மொழிபெயர்க்க இயலும். ஆயினும் இதன் உயிர்நாடி பொழுதில் இருப்பதால் 'வேண்டுநேரக் காணொளி' என்னும் தொடரையே இக்கட்டுரை ஆள்கின்றது.

மூன்று பணிமுறை, ஒரு வீடு

பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற சிங்கப்பெருமாள் கோவில், இன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு முக்கியச் சந்திப்பாகும். சென்னை – திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை இங்குதான் பிரிகின்றது. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் ஹூண்டாய் 1998இலும், ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் 2010இலும், டெய்ம்லர் வணிக ஊர்தி ஆலை 2012இலும் உற்பத்தியைத் தொடங்கின. 2006இல் தொடங்கிய நோக்கியா 2014இல் நின்றது; மறைமலைநகர் ஃபோர்டு 2022இல் நின்றது. ஆலைகள் வரும், போகும். ஷிப்ட் என்னும் பணிமுறை மட்டும் நிலைத்துவிட்டது. இரவுப் பணி முடித்து வருபவர் காலையில் உறங்க வேண்டும். பகல் பணிக்குச் செல்பவர் பின்னிரவில்தான் உண்பார். வாரந்தோறும் முறை மாறும் வீட்டில் உணவுக்கே பொதுநேரம் இல்லாதபோது நிகழ்ச்சிக்கு ஏது பொதுநேரம்?

இங்கே மாணவர் ஒரு வினா எழுப்பலாம். கைப்பேசியில் யூடியூப் இருக்கையில் கேபிள் வழியே இது எதற்கு? தக்க வினாவே. ஆனால் பல வீடுகளில் இணைய வசதியுள்ள கைப்பேசி ஒன்றுதான் உண்டு. அது பணிக்குச் செல்பவருடன் வீட்டைவிட்டுச் சென்றுவிடும். தொலைக்காட்சிப் பெட்டியோ வீட்டிலேயே இருக்கும். 2019 ஆகஸ்டு 26 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020இல் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில் வகுப்புவாரியாகக் கால அட்டவணையிட்டுப் பாடங்களை ஒளிபரப்பியது. பெரும்பணி அது. எனினும் பத்தாம் வகுப்புப் பாடம் வரும் நேரத்தில், இரவுப் பணி முடித்த தந்தை அதே அறையில் உறங்கிக்கொண்டிருந்தால் பிள்ளை என்ன செய்யும்? அப்பாடங்கள் பின்னர் யூடியூபில் கிடைத்தன. ஆனால் அவற்றைக் காட்டும் கருவி மாலையில் தாயுடன் ஆலைக்குப் போய்விட்டது. இவ்விடத்தில்தான் வேண்டுநேரக் காணொளி பொழுதுபோக்கின் எல்லையைக் கடந்து கல்வித் தேவையாகின்றது.

தெருவார் கேட்ட படம்

தமிழகக் கேபிள் வரலாற்றில் இவ்வெண்ணத்தின் முளை முன்பே உண்டு. 1990இல் 'பூமாலை' என்னும் காணொளி இதழ் ஒளிநாடாவில் வெளிவந்தது. விரும்பிய நேரத்தில் போட்டுப் பார்க்கலாம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில், தெருவுக்குத் தெரு இருந்த கேபிள் ஆபரேட்டர்கள் ஒளிநாடாவில் திரைப்படம் ஓட்டினர். எந்தப் படம் வேண்டும் என்று தெருவார் ஒரு சிறுவனிடம் சொல்லியனுப்புவர். அச்சிறுவனே அன்றைய 'மீள்பாதை'! உரிமம் பெறாமல் ஓட்டியது சட்டப்படி தவறு என்பதையும் மறைத்தற்கில்லை. 1995இல் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் நிபந்தனை அணுகல் முறை நடைமுறைக்கு வந்தபோது செட்-டாப் பெட்டி நமக்கு அறிமுகமாயிற்று. 2007இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம், 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் புத்துயிர் பெற்று, 2017இல் டிஜிட்டல் முறைக்கு மாறி விலையில்லாச் செட்-டாப் பெட்டிகளை வழங்கியது.

இத்தனை மாற்றத்துக்குப் பின்னரும் சிறுவனின் இடம் நிரப்பப்படவில்லை. டிஜிட்டல் பெட்டிக்குச் செய்தி வரும். அப்பெட்டியிலிருந்து செய்தி போகாது. நம் தெருக்களில் ஓடும் கோ-ஆக்சியல் வடங்களும் ஆம்பிளிஃபயர்களும் பெரும்பாலும் ஒருவழிப் பாதையாகவே அமைந்தவை.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகரில் டைம் வார்னர் நிறுவனம் 1994 டிசம்பரில் இவ்வகைச் சேவையைப் பேரார்ப்பரிப்புடன் தொடங்கியது. ஏறத்தாழ 4,000 வீடுகளை எட்டியபின் 1997இல் அதனை மூட நேர்ந்தது. தொழில்நுட்பம் இயங்கியது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணிப்பொறிக்கு நிகரான பெட்டியை வைப்பதற்கான செலவு தாங்கவில்லை. இருவழி வலையமைப்பு பரவலாக அமைந்து, சேமிப்பு வட்டின் விலையும் வீழ்ந்த பிறகே, 2000ஆம் ஆண்டுக்குப் பின் அங்குக் கேபிள் நிறுவனங்களால் இதனை நிலைபெறச் செய்ய முடிந்தது. பாதையை அமைக்காமல் பண்டத்தை ஏற்றக்கூடாது என்று நம் ஊர் வண்டிக்காரருக்கும் தெரியும்.

மீள்பாதையின் இடர்

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பர். ஏரியிலிருந்து மதகு வழியே வாய்க்கால்களுக்கு நீர் பிரிவது கேபிளின் முன்பாதைக்கு உவமையாகும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து புறப்படும் ஒரே சைகை பிரிந்து பிரிந்து வீடுகளை அடைகின்றது. மீள்பாதையோ மழைக்கால வடிகாலைப் போன்றது. ஐந்நூறு வீட்டு முற்றத்து நீரும், அதனுடன் சேறும் சருகும், ஒரே கால்வாயில் வந்து கூடும். எங்கோ ஒரு வீட்டில் தளர்ந்த இணைப்பானும், துருப்பிடித்த பிரிப்பானும், பழுதான மின்மோட்டாரும் எழுப்பும் மின்னிரைச்சல் அனைத்தும் ஒன்றுதிரண்டு, கோரிக்கைச் சைகையை மூழ்கடித்துவிடும். மீள்பாதைக்கென ஒதுக்கப்படும் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கீழ்ப்பட்டையே இரைச்சல் மிகுந்த பகுதி என்பது இதன்கண் உள்ள கூடுதல் இடர். மொட்டை மாடியிலும் மரக்கிளையிலும் தொங்கும் நம் வடங்களை நினைத்தால் இடரின் அளவு விளங்கும்.

எத்தனை ஓடைகள் வேண்டும்?

பொது ஒளிபரப்பில் ஒரு நிகழ்ச்சியை ஒருவர் பார்த்தாலும் ஆயிரவர் பார்த்தாலும் வலையமைப்புக்குச் சுமை ஒன்றே. வேண்டுநேரக் காணொளியில் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனியோடை ஒன்று வேண்டும். இதனைக் கணக்கிடும் வழியைக் காட்டியவர் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்னும் கணித அறிஞர். 1917இல் அவர் வெளியிட்ட வாய்பாடு, தொலைபேசித் தடங்களுக்கு உதவியது போலவே இதற்கும் உதவுகின்றது.

ஒரு நோடின் கீழ் 500 வீடுகள் உள்ளன என்க. உச்சநேரத்தில் பத்தில் ஒரு பங்கினர் பார்ப்பதாகக் கொண்டால் சராசரி 50 ஓடைகள். ஐம்பதே போதும் என்று அமைத்தல் பிழை. சராசரிக்கு மேலே ஏறும் நேரங்கள் உண்டு. நூறு கோரிக்கைகளுள் ஒன்றுக்கு மேல் மறுக்கப்படாதிருக்க 64 ஓடைகள் தேவை என எர்லாங் அட்டவணை காட்டும். இதே வீடுகளை இரு நோடுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 36 வீதம் மொத்தம் 72 ஆகிவிடும். பலர் ஒன்றாகப் பங்கிடும்போது ஒதுக்கம் குறைவதும், பிரிந்தால் கூடுவதும் கூட்டுக்குடும்பக் கணக்கே.

எம்பெக்-4 முறையில் இயல்புத் தரக் காணொளிக்கு நொடிக்கு 2 மெகாபிட் எனக் கொள்வோம். 8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்று, 64-க்வாம் பண்பேற்றத்தில் ஏறத்தாழ 38 மெகாபிட் சுமக்கும். ஆகவே ஓர் அலைவரிசைக்குப் பத்தொன்பது ஓடைகள்; 64 ஓடைகளுக்கு நான்கு அலைவரிசைகள். உயர்தரக் காட்சி வேண்டின் இக்கணக்கு பன்மடங்காகும்.

பத்தில் ஒரு பங்கு என்பது வெளிநாட்டு அனுபவத்தில் ஆளப்பட்ட எண். அதனை அப்படியே ஒரகடம் சாலைக்குக் கொண்டுவருதல் பொருந்துமா என்பது என் ஐயம். இரவு எட்டு முதல் பத்து வரை எல்லாரும் வீட்டில் இருக்கும் ஊருக்கு உச்சநேரம் ஒன்று. பணிமுறை ஊரிலோ சுமை நாள் முழுவதும் பரவி உச்சம் தாழலாம். அல்லது ஆலைப் பேருந்துகள் வந்து நிற்கும் வேளைகளில் குறுகிய உச்சங்கள் பல எழலாம். தேர்வுக் காலத்தில் மாணவர் கூட்டத்தால் வேறோர் உச்சமும் தோன்றும். அளந்து பார்த்தாலன்றி அறிய இயலாது.

இழையும் வட்டும்

இற்றைநாளில் கோ-ஆக்சியல் வடத்தில் மீள்பாதையைச் செப்பனிடுவதைவிட வீடுவரை ஒளியிழை கொண்டுசெல்வதே அறிவுடைமை என்பது என் கருத்து. ஜிபான் எனப்படும் முறையில் ஓர் இழை ஏறத்தாழ 2.5 கிகாபிட் கொள்ளளவுடன் 64 வீடுகளுக்குப் பிரிகின்றது. அறுபத்து நான்கு வீட்டாரும் ஒரே கணத்தில் பார்த்தாலும், வீட்டுக்கு 2 மெகாபிட் வீதம், 128 மெகாபிட்தான். கொள்ளளவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே அது. 1,490 நானோமீட்டர் ஒளியில் தரவு கீழே வர, 1,310இல் மேலே செல்ல, 1,550இல் பழைய கேபிள் அலைவரிசைகளே அதே இழையில் வரும். எனவே வாடிக்கையாளர் தம் பழைய பெட்டியை உடனே மாற்ற வேண்டியதில்லை. தெருவில் உள்ள பிரிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதும் நம் ஊர் மின்தடையை அறிந்தோருக்குச் சிறிய செய்தியன்று.

இதனால் நெருக்கடி தெருவை விட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு நகர்கின்றது. ஐயாயிரம் வீடுகளில் ஐந்நூறு பேர் பார்த்தால் 1 கிகாபிட். அத்தனையையும் வெளியூர்க் கணிப்பொறியிலிருந்து இழுத்தால் மாத வாடகை விழுங்கிவிடும். ஆதலின் பாடங்களை உள்ளூரிலேயே சேமித்தல் வேண்டும். அரைமணிப் பாடம் ஒன்றுக்கு 450 மெகாபைட். பத்தாயிரம் பாடங்கள் 4.5 டெராபைட். கடையில் கிடைக்கும் ஒற்றை வட்டில் அடங்கும் அளவு இது. பழுதுக்கு அஞ்சி இரண்டாவது படி ஒன்று வைத்தாலும் பெருஞ்செலவில்லை. ஆர்லாண்டோவில் கோட்டை கட்டிக் காத்த பண்டகசாலை இன்று ஒரு மேசையடியில் அமைந்துவிடும்.

யாரைக் கொண்டு அமைப்பது?

ஆந்திர மாநிலம் 2017 டிசம்பரில் தொடங்கிய ஃபைபர்நெட் திட்டத்தில், மின்கம்பங்கள் மீது இழையை இழுத்து, உள்ளூர்க் கேபிள் ஆபரேட்டர்களைக் கடைசி இணைப்புக்குத் துணைகொண்டு, இணையமும் தொலைக்காட்சியும் தொலைபேசியும் மாதம் 149 ரூபாய் என்னும் தொடக்கக் கட்டணத்தில் வழங்கினர். தமிழகத்தில் பாரத்நெட் திட்டத்தின்கீழ் 12,525 கிராம ஊராட்சிகளையும் இழையால் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் ஏற்றது. ஊராட்சி வரை வரும் இழைக்கும் வீட்டு வாசலுக்கும் இடைப்பட்ட தெருவை நன்கறிந்தவர் கேபிள் ஆபரேட்டரே. எந்த வீட்டில் யார் குடியிருக்கின்றனர், எந்தக் கம்பத்தில் வடம் தாழ்ந்துள்ளது என்பன அவர் மனப்பாடம். செயற்கைக்கோள் தட்டுகளும் கைப்பேசி இணையமும் அவர் வாடிக்கையாளரைக் குறைத்துவரும் காலத்தில், அவர்க்குப் புதுத்தொழில் தரும் வழியும் இதுவாகும்.

திரைப்படத்தைக் கொண்டு தொடங்கலாமே என்பாரும் உளர். 2013இல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தை டி.டி.எச். வழியே முன்னதாக வெளியிட முயன்றபோது திரையரங்க உரிமையாளர்கள் எதிர்த்தமை நாடறியும். 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேரே இணையத்தளத்தில் வெளியானது. உரிமத்துக்குப் பெருநிறுவனங்களோடு போட்டியிடும் வலிமை உள்ளூர்க் கேபிளுக்கு இல்லை. பள்ளிப் பாடத்துக்கு அத்தடை இல்லை. அரசு இசைவளித்தால் போதும். ஐ.டி.ஐ. மாணவர்க்கான தொழிற்பாடங்களையும் சேர்த்தால் இவ்வட்டாரத்துக்கு இன்னும் பொருந்தும்.

முதற்கண் ஒரே ஒரு தெருத்தொகுதியைத் தெரிந்துகொண்டு, 64 வீடுகளுக்கு இழை இழுத்து, ஒரு பருவத் தேர்வு முடியும்வரை கோரிக்கைகளின் நேரத்தைக் குறித்துவரல் வேண்டும். பார்ப்பவர் பெயரைக் குறிக்க வேண்டியதில்லை. நேரமும் பாடமும் போதும். அந்தப் பதிவேட்டைப் பணிமுறை அட்டவணையோடு ஒப்பிட்ட பின்னரே அடுத்த தெருவுக்கு எத்தனை ஓடைகள் என்று முடிவுசெய்யலாம். நம் கல்லூரியின் கணித, கணிப்பொறித் துறை மாணவர்கள் திட்டப்பணியாகவே இதனை மேற்கொள்ளலாம். கோரிக்கைத் திரையில் வரும் சொற்களைத் தமிழில் அமைத்துத் தரும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்கலாம்.