மாற்றத்துக்கு முன் ஒரு சோதனை

கேள்வி: ஆலய இணையத்தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றும் முன், பக்தர்கள் கண்ணில் படாமல் சோதித்துப் பார்க்க இயலுமா?
— வாசகர், செலண்டார், மலாக்கா

பதில்: இயலும். அதற்கான வழி, இணையத்துக்கு முந்தைய ஒரு பழைய பட்டியலிலிருந்து வந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில், கணினிப் பெயர்களையும் அவற்றின் எண் முகவரிகளையும் கொண்ட ஒரே பட்டியலைக் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகம் பேணிவந்தது. கணினிகள் பெருகி அது தாங்காமற்போகவே, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் என்னும் பெயர் முறைமை அதன் இடத்தைப் பிடித்தது. எனினும், அப்பட்டியலின் வழிவந்த ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பு இன்றும் கணினிகளில் உள்ளது. பொதுவாக டிஎன்எஸ்ஸைக் கேட்குமுன் கணினி இதையே பார்க்கும். விண்டோஸில் நோட்பேடை நிர்வாகி உரிமையுடன் திறந்து, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்ற வரிசையில் உள்ள அக்கோப்பின் இறுதியில் புதிய சர்வரின் ஐபி எண்ணையும், ஓர் இடைவெளி விட்டுத் தளப் பெயரையும் எழுதிச் சேமித்தால், அந்தக் கணினிக்கு மட்டும் புதிய தளம் தெரியும். ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ உள்ள பெயரும் இல்லாத பெயரும் வெவ்வேறாகக் கொள்ளப்படுவதால் இரண்டையும் எழுதுவது அவசியம். பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நிறுவப்படாதிருந்தால் பிரவுசர் எச்சரிக்கும். அதனால் தளமே பழுது என்று கலங்க வேண்டியதில்லை. சோதனை முடிந்ததும் அவ்வரியை மறவாமல் நீக்க வேண்டும். நீக்காவிடில், பின்னொரு நாள் சர்வர் மாறினாலும் அந்தக் கணினி பழைய எண்ணையே நாடும்.