வேரைத் தோண்டிப் பார்ப்போம்: நுரையீரல் நலம் பற்றிய ஒரு பாடம்

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில், நிபோங் திபாலை அடுத்து அமைந்துள்ளது பைராம் தோட்டம். 2022ஆம் ஆண்டு ஜனவரியில், அவ்வட்டாரத்திலுள்ள புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கில் தீப்பற்றியது. அத்தீ பல நாள் புகைந்தது. புகை நுரையீரலுக்குப் பகை என்று அந்நாட்களில் அங்கு வாழ்ந்தோருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால், நாள்தோறும் சிறுகச் சிறுக உட்செல்லும் புகையை நாம் பொருட்படுத்துவதில்லை. சிகரெட்டின் புகை, சுருட்டின் புகை, விறகடுப்பின் புகை, ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகையறையின் புகை ஆகியன கண்ணை உறுத்தாமலே பழகிப் போகின்றன. அவற்றால் விளையக்கூடிய நுரையீரல் புற்றுநோயைப் பற்றியும், அதனைக் காலத்தே கண்டறியும் வழியைப் பற்றியும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

வெளியே பச்சை, உள்ளே அழிவு

ரப்பர் மரத்துக்கு வரும் வெள்ளை வேர் நோயைத் தோட்டத் தோழர்கள் நன்கு அறிவர். மரம் பச்சைப் பசேல் என்று நிற்கும், பாலும் வடியும். மண்ணுக்குள்ளோ பூசணம் வேரைத் தின்றுகொண்டிருக்கும். இலை மஞ்சளாகும்போது வேரின் பெரும்பகுதி அழிந்திருக்கும். ஆகவே, மரம் நலமாய்த் தோன்றும்போதே அடிமண்ணை விலக்கி வேரைப் பார்க்கின்றனர்.

நுரையீரல் புற்றுநோயும் இத்தகையதே. நுரையீரலின் உட்பகுதியில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லை. எனவே, கட்டி வளர்ந்தாலும் நெடுநாள் நோவு தெரிவதில்லை. இருமலில் இரத்தம் வரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். 2012 முதல் 2016 வரையிலான மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இந்நோய் கண்டவருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டனர். தொடக்கத்தில் கண்டால் அறுவை சிகிச்சையால் அகற்றிக் குணமாக்கும் வாய்ப்புண்டு. முற்றிய பின் அவ்வாய்ப்பு மிகவும் குறைகிறது.

எவருக்கு இடர் மிகுதி?

முதற்காரணம் புகைபிடித்தலே. 1950ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் டால், ஹில் என்னும் அறிஞர் இருவர் இத்தொடர்பை ஆராய்ந்து வெளியிட்டனர். புகைப்பவருடன் ஒரே வீட்டில் வாழும் மனைவி மக்களுக்கும் இடருண்டு. விறகுப் புகையும் கல்நார்த் தூசும் நுரையீரலுக்குத் தீங்கு செய்பவை. ஒருமுறையும் புகைக்காத பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. ஆதலால், ‘நான் புகைப்பதில்லை’ என்று எவரும் அறிகுறிகளைப் புறக்கணித்தல் ஆகாது.

இருவகைச் சோதனைகள்

முதல்வகை, அறிகுறி உள்ளவர்களுக்கானது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குரல் கம்மல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும். இவற்றுள் பல காசநோய்க்கும் உரியவை. சளிச் சோதனையும் எக்ஸ்ரே படமும் மருத்துவருக்கு வழிகாட்டும். காசநோய் எனில் அஞ்சவோ நாணவோ வேண்டா. வழக்கமாக ஆறு மாதம் மருந்தை இடைவிடாது உட்கொண்டால் அது குணமாகும்.

இரண்டாம் வகை, அறிகுறி ஏதுமில்லாத, ஆனால் இடர் மிகுந்தவர்களுக்கானது. இதுவே நாம் மேலே கூறிய ‘வேரைத் தோண்டிப் பார்த்தல்’. குறைந்த கதிரளவு சி.டி. ஸ்கேன் எனப்படும் இச்சோதனை சில நிமிடங்களில் முடியும். ஊசியும் மருந்தும் வேண்டுவதில்லை. அமெரிக்காவில் 53,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. எக்ஸ்ரே எடுக்கப்பட்டவர்களைவிட, இந்த ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. சிறிய கட்டி எக்ஸ்ரே படத்தில் தெரியாமல் போகலாம் என்பதை நினைவிற் கொள்க.

இச்சோதனை எல்லாருக்கும் தேவையன்று. அமெரிக்க வல்லுநர் குழு 2021இல் வகுத்த அளவின்படி, 50 முதல் 80 வயதுக்குட்பட்டு, நாளுக்கு ஒரு பெட்டி வீதம் 20 ஆண்டுகளுக்கு ஈடான அளவு புகைத்து, இன்னும் புகைப்பவரோ கடந்த 15 ஆண்டுகளுக்குள் விட்டவரோ இதற்குரியவர். ஸ்கேனில் ஒரு புள்ளி தெரிந்தால் உடனே கலங்க வேண்டா. அத்தகைய புள்ளிகளுள் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எனினும், மருத்துவர் குறித்த நாளில் மறுசோதனைக்குத் தவறாமல் செல்ல வேண்டும்.

எங்கே செல்வது?

பைராம் வட்டாரத்தார் முதலில் நிபோங் திபாலிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கை நாடலாம். குடிமக்களுக்கு அங்குப் புறநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட் மட்டுமே. அருகில் சுங்கை பாக்காப் மருத்துவமனை உள்ளது. தேவையெனில் மருத்துவர் கடிதம் தந்து, ஜோர்ஜ்டவுனிலுள்ள பினாங்கு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் நிபுணரிடம் அனுப்புவார். எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை சிகரெட் புகைத்தோம் என்பதை மறைக்காமல் கூறி, ‘எனக்கு ஸ்கேன் தேவையா?’ என்று நாமே கேட்க வேண்டும்.

‘ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே’ என்று தயங்குவோர் பலர். நோயுற்றவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவர் சான்று தந்தால் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. பணிக்காலம் ஈராண்டுக்குக் குறைவெனில் ஆண்டுக்கு 14 நாளும், ஐந்தாண்டுக்குக் குறைவெனில் 18 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் எனில் 22 நாளும் பெறலாம்.

இன்றே செய்யத்தக்கது

எந்தச் சோதனையும் புகையை விடுவதற்கு ஈடாகாது. விட்டுப் பத்தாண்டு கழிந்தால், தொடர்ந்து புகைப்பவரைக் காட்டிலும் நுரையீரல் புற்றுநோய் இடர் ஏறத்தாழப் பாதியாகிறது. அறுபது வயதில் விட்டாலும் பயனுண்டு. அதற்கு உதவும் சேவை அரசாங்கக் கிளினிக்குகளில் கிடைக்கிறது. விறகடுப்பும் புகையறையும் காற்றோட்டமாக இருத்தல் வேண்டும்.

தோட்டத் தோழர்களே, மரத்தின் இலை பழுக்கும்வரை நாம் காத்திருப்பதில்லை. நம் இல்லத்திலுள்ள பெரியவர் இரவில் இருமும் ஓசை எத்தனை நாளாகக் கேட்கிறது என்று இன்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரம் கடந்திருப்பின், அவர் மறுத்தாலும் கைப்பிடித்துக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.