அச்சு வைப்போம், அட்டை செய்வோம்!



போன மாதம் நம் சத்துணவுக் கூடத்து ஆயாம்மா ஓய்வு பெற்றபோது எங்கள் வகுப்பு சார்பாக 28 வாழ்த்து அட்டைகள் கொடுத்தோம் அல்லவா? "அக்கா, எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று ஆறாம் வகுப்பு வாண்டுகள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடையில் வாங்கவில்லை, நாங்களே அச்சு குத்திச் செய்தோம். சார்ட் இரண்டு 20 ரூபாய், பெரிய ரப்பர் இரண்டு 10 ரூபாய். மற்றதெல்லாம் சும்மா கிடைத்தவை. எப்படிச் செய்தோம் என்று சுவர் இதழுக்கு எழுதச் சொன்னார் தமிழம்மா. எங்கள் தப்புகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அட்டை. ஒரு சார்ட் 70 செ.மீ. நீளம், 56 செ.மீ. அகலம் இருந்தது. இரண்டு பக்கமும் நான்கு நான்காக மடித்து வெட்டினால் 16 துண்டு. இரண்டு சார்ட்டுக்கு 32. ஒவ்வொன்றையும் பாதியாக மடித்தால் அட்டை தயார். ஆள் 28, அட்டை 32, நாலு மிச்சம் என்று ரொம்பப் பெருமையாக இருந்தோம்.

அடுத்து அச்சு. பென்சில் அழிக்கிற ரப்பர்தான். 1770-ல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி, மரப்பால் துண்டு பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்கிறது என்று எழுதினார். தேய்ப்பதால்தான் அதற்கு ரப்பர் என்றே பெயர் வந்தது. அழிக்கிற பொருளை வைத்தே நாம் எழுதப் போகிறோம்!

நான் ரப்பர் மேல் பேனாவால் "நன்றி" என்று அழகாக எழுதி, சுற்றிலும் பிளேடால் செதுக்கினேன். இரண்டு நாள் ஆனது. மையில் ஒற்றி, வரிசையாக ஒன்பது அட்டையில் குத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால், எல்லாமே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாக விழுந்திருக்கிறது! முதல் அட்டையிலேயே பார்த்திருக்கலாம்தான். அவசரம். 32-ல் ஒன்பது போனால் 23. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏன் அப்படி? அச்சும் தாளும் முகத்துக்கு முகம் பார்க்கின்றன. அச்சின் இடப்பக்கம் தாளில் வலப்பக்கமாகிவிடும். சிந்துவெளி முத்திரைகளைச் செதுக்கியவர்களும் இதை நினைத்துத்தான் மாக்கல்லில் திருப்பிச் செதுக்கினார்கள். 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகம் அச்சானபோதும் எழுத்து அச்சுகள் திரும்பித்தான் இருந்திருக்கும். திருப்பினாலும் மாறாத எழுத்து தமிழில் இருக்கிறதா என்று தேடினோம். ப-வும் ஃ-உம் கிடைத்தன. அந்த இரண்டை வைத்து யாருக்கு என்ன வாழ்த்து சொல்வது?

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. மெல்லிய தாளில் எழுத்தை நேராகவே, பென்சிலால் நன்றாக அழுத்தி எழுதுங்கள். அந்தத் தாளை ரப்பர் மேல் கவிழ்த்து, கரண்டியின் பின்பக்கத்தால் தேயுங்கள். பென்சில் கரி ரப்பரில் ஒட்டிக்கொள்ளும், அதுவே திரும்பி ஒட்டும். அதைச் செதுக்கிக் குத்தினால் இன்னொரு முறை திரும்பி நேராகிவிடும். நாமாக எதையும் திருப்பி எழுத வேண்டியதில்லை.

செதுக்க பிளேடை விட நல்ல கருவி உடைந்த குடைக் கம்பி. அது உள்ளே வாய்க்கால் மாதிரி குழிந்திருக்கும். நுனியைக் கருங்கல்லில் தேய்த்தால் சின்ன உளியாகிவிடும். தள்ளத் தள்ள ரப்பர் புழு மாதிரி சுருண்டு வரும். ரப்பரைப் பிடித்திருக்கும் கை எப்போதும் கம்பிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, கோட்டுக்கு அடியில் குடைந்து வெட்டாதீர்கள். வயல் வரப்பு போல மேலே குறுகி, கீழே அகன்று இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டு தடவை குத்தியதும் கோடு பிய்ந்துவிடும். என் 'றி'யின் மேல்விலங்கு அப்படித்தான் போனது.

ரப்பர் வாங்கக் காசு இல்லையா? பழைய ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தைப் பூ, இலை என்று வெட்டலாம். சைக்கிள் டியூபைக் கத்தரியால் வெட்டி மரத்துண்டில் ஒட்டலாம். அதற்குக் கோந்து நிற்காது, பஞ்சர் கடை சொல்யூஷன் ஒரு சொட்டு கேட்டு வாங்குங்கள். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் அறை அறையாகப் பிறை விழும். செதுக்கவே வேண்டாம்.

மைக்கு என் மாமாவின் காய்ந்துபோன ஸ்டாம்ப் பேடில் கொஞ்சம் மை விட்டுக்கொண்டோம். சிவப்புக்கு மஞ்சள் தூளும் வெற்றிலைச் சுண்ணாம்பும் குழைத்தோம். ஆரத்தி கரைப்பது போலத்தான். மஞ்சள் ஒரு நிறங்காட்டி, சுண்ணாம்பு காரம், அதனால் சிவக்கிறது என்று அறிவியலில் படித்தோமே! ஆனால் வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். கறுப்புக்கு அடுப்புக்கரியை நைசாக இடித்து, துணியில் சலித்து, கெட்டிக் கஞ்சியில் குழைக்கலாம். எதுவானாலும் தண்ணீர் அதிகமானால் தாளில் ஊறிப் பரவும். டப்பா மூடியில் நாலாக மடித்த பழைய துணியை வைத்து அதில் தடவிக்கொண்டால் அதுதான் பேடு.

காய் அச்சுக்காகச் சமையல் கூடத்துக்குப் போய் வெண்டைக்காய்க் காம்பு கேட்டோம். எப்படியும் தூக்கிப் போடுவதுதானே. காம்புக்குச் சற்றுக் கீழே வெட்டினால் நட்சத்திரப் பூ கிடைக்கும். வெட்டியதும் குத்தினால் கொழகொழப்பில் நிறம் வழியும், துடைத்துப் பத்து நிமிஷம் காயவிட வேண்டும். ஆயாம்மாவிடம் "அறிவியல் கண்காட்சிக்கு" என்று சொன்னோம். பொய்தான். அவருக்கே செய்கிறோம் என்று எப்படிச் சொல்வது? நாங்கள் அங்கேயே ஒன்றைக் குத்திப் பார்த்ததைக் கவனித்தவர், "ஏண்டி இப்படி அமுக்குறீங்க? மை நெறைய எடுத்தா ரேகையே தெரியாது, அப்பிக்கும். லேசா ஒத்தி எடு. மொதல்ல ஒரு கழிவுத் தாள்ல வச்சுட்டு அப்புறமா இதுல வை. எடுக்கறப்ப இழுக்காம நேரா தூக்கு. எத்தனை வருஷமா கைநாட்டு வைக்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவர் சொன்னபடி செய்தோம். அதற்குப் பிறகு ஓர் அட்டைகூட வீணாகவில்லை.

வகுப்புக்குத் திரும்பும்போது ஒருத்தி கேட்டாள்: "கைநாட்டு வைக்கிறவங்களுக்கு நன்றின்னு எழுதிக் கொடுத்தா எப்படிடி படிப்பாங்க?" யாரும் பேசவில்லை. எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. இரண்டு நாள் செதுக்கியது நான் அல்லவா! ஆனால் அவள் கேட்டது சரி.

அதனால் மாற்றினோம். முன்பக்கம் எழுத்தே இல்லை. வெண்டைக்காய்ப் பூ, உருளைக்கிழங்கை வெட்டிச் செய்த முட்டை, இரண்டாவது ரப்பரில் செதுக்கிய கரண்டி. "நன்றி"யைப் புதிதாகச் சின்னதாகச் செதுக்கி உள்ளே குத்தினோம், பேரன் படித்துச் சொல்லட்டும் என்று. கையெழுத்துக்குப் பதில் ஒவ்வொருவரும் கட்டைவிரல் ரேகை வைத்தோம். கெட்டுப்போன ஒன்பதில் ஐந்தின் மேல் பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தைச் சதுரமாக ஒட்டி, அதன்மேல் குத்தினோம். 28 சரியாக வந்தது.

ஆயாம்மா அட்டையை வாங்கியதும் பூவைத் தொட்டு, "இது நான் தூக்கிப் போட இருந்த காம்புல்ல?" என்று கேட்டார். பிறகு ஒவ்வொரு ரேகையாகப் பார்த்து யாருடையது என்று விசாரித்தார். "எல்லாம் நல்லா விழுந்திருக்கு. இது ஒண்ணுதான் அப்பிக்கிச்சு, யாருடி அமுக்கினது?" என்றார்.

அது என்னுடையது.

அச்சுகள் எல்லாம் டிபன் பாக்ஸில் போட்டு எங்கள் வகுப்பு அலமாரியில் வைத்திருக்கிறோம். பொங்கல் அட்டை செய்ய விரும்புபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மையைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தரவும். குடைக் கம்பி மட்டும் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்தான் கிடைக்கும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி