வில் முறுக்கிக்குதா? சுரண்டும் முன் காரணத்தைக் கண்டுபிடிங்க!

நான் மம்சாபுரம், ஃபைனல் இயர் மெக்கானிக்கல். எங்க பக்கத்துல இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பெயர் வந்ததே வில்லி என்ற வேடர் தலைவனால்தான் என்று தலபுராணம் சொல்கிறது. அந்த மண்ணுல பிறந்துட்டு ஒரு வில்கூட செய்யத் தெரியலைன்னா எப்படின்னு போன லீவுல களத்தில் இறங்கினேன். முதல் வில் உடைந்தது. உடைந்த துண்டு பக்கத்தில் நின்ற என் தம்பியின் கண்ணுக்கு ரெண்டு விரல் தள்ளிப் பறந்தது. அன்னைக்கு வீட்டுல கிடைச்ச அர்ச்சனையை விடுங்க. ஏன் உடைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மரம் சீமைக்கருவேலம். கரி மூட்டத்துக்குப் போக இருந்த லோடிலிருந்து ஓரளவு நேரான கம்பு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மலைப்பக்கம் போய் மரம் வெட்டிடாதீங்க. அது 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வில்லும் அட்டை டார்கெட்டுக்கு மட்டும்தான், வேட்டையாடுவது குற்றம்.

முதல்ல பாகங்கள். நடுவில் கைப்பிடி. அதற்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகள்தான் லிம்ப். அம்பு விடும்போது உங்களைப் பார்த்து இருப்பது வயிறு, டார்கெட்டைப் பார்த்து இருப்பது முதுகு. நுனியில் நாண் மாட்டும் வெட்டுக்குப் பெயர் காடி.

லிம்ப் முறுக்கினால் என்ன பிரச்சினை? நாண் நடுக்கோட்டை விட்டு விலகும். நுனியை வளைக்கிற விசை 100 நியூட்டன், விலகல் 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 1 நியூட்டன் மீட்டர் டார்க் லிம்பைத் திருப்பும். திருப்பத் திருப்ப விலகல் கூடும், விலகல் கூடக் கூட டார்க்கும் கூடும். ஒரு கட்டத்தில் நாண் கழன்று அடிக்கும், இல்லைன்னா லிம்ப் உடையும்.

முறுக்கு மூணு வகை. பார்க்க எல்லாம் ஒண்ணுபோல இருக்கும், மருந்து வேற வேற. நான் கோட்டை விட்டது இங்கேதான்.

டெஸ்ட் சிம்பிள். நாணைக் கழற்றிட்டு, வயிற்றுப் பக்கம் கைப்பிடியில் ஒரு ஸ்டீல் ஸ்கேல், நுனிப்பக்கம் இன்னொரு ஸ்கேல், ரெண்டையும் குறுக்காக வைங்க. ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்க.

1. ஸ்கேல்கள் இணையாக இல்லையா? அது மரத்திலேயே இருக்கிற முறுக்கு. மரத்தின் நார் சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும். இதற்குச் சூடுதான் வழி. நன்கு காய்ந்த மரமாக இருந்தால், அந்த இடத்தில் எண்ணெய் தடவி ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே சூடாக்குங்க. ஒரே இடத்தில் பிடித்தால் கருகும். ஹீட் கன் இல்லையா? ஆவி போதும். 1 அங்குலத் தடிமனுக்குச் சுமார் 1 மணி நேரம் என்பது பழைய கணக்கு. கைப்பிடியைத் துணி சுற்றி வைஸில் இறுக்கி, ஸ்பேனரால் லிம்பைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்புங்க. கொஞ்சம் திரும்பி வரும் என்பதால் தேவைக்குச் சற்று அதிகமாகவே திருப்பி, கிளாம்ப் போட்டு முழுசா ஆற விடுங்க. சூட்டில் மரத்தின் லிக்னின் இளகும், ஆறினால் இறுகும். ஆவி பிடித்த மரம் மறுபடி காயும்வரை வளைக்காதீங்க.

2. ஸ்கேல்கள் இணையாக இருக்கு, ஆனா நாண் பூட்டி வளைத்தால் மட்டும் நுனி ஒரு பக்கம் சாயுதா? ஒரு ஓரம் தடிமன், மறு ஓரம் மெல்லிசு. வயிற்றைப் பார்த்தபடி நில்லுங்க. நுனி இடப்பக்கம் சாய்ந்தால் இடது ஓரம் பலவீனம். சுரண்ட வேண்டியது வலது ஓரத்தை, அதுவும் வயிற்றுப் பக்கம் மட்டும். முதுகைத் தொடவே கூடாது. அங்கே நார் அறுந்தால் வில் போச்சு. சாய்வு ஆரம்பிக்கிற இடத்தில் பத்து இழுப்பு சுரண்டி, லேசாக இருபது தடவை வளைத்து, மறுபடி பாருங்க. ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல அன்சிமெட்ரிக்கல் பெண்டிங் படிச்சோமே, அதேதான் இது.

ஏன் கொஞ்சம் கொஞ்சமா? விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 12 மி.மீ. தடிமனில் 1 மி.மீ. எடுத்தால், அந்த இடத்தில் சுமார் 23 சதவீதம் விறைப்பு காலி!

3. வளைத்தாலும் லிம்ப் திரும்பலை, ஆனா நாண் மட்டும் கைப்பிடியின் நடுவில் விழலையா? நுனியோ காடியோ நடுவில் இல்லை. நாண் இடப்பக்கம் விலகினால் இடப்பக்கக் காடியையே அரத்தால் கொஞ்சம் ஆழமாக்குங்க. நாண் வலப்பக்கம் நகரும். இரண்டாவது ரூலுக்கு இது நேர் எதிர் என்பதைக் கவனிங்க.

என் முதல் வில்லில் இருந்தது முதல் வகை. அதை ரெண்டாவது வகைன்னு நினைச்சு ஓரத்தைச் சுரண்டிக்கிட்டே போனேன். முறுக்கு போகலை, மரம்தான் போச்சு. ஸ்கேலை வைத்துப் பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

ரெண்டாவது வில்லுக்கு அம்மாவோட இட்லி குண்டான்தான் ஆவி கொடுத்தது. ஆற விட்டு, ரெண்டு வாரம் நிழலில் போட்டு, அப்புறம்தான் நாண் பூட்டினேன். நாண் நட்ட நடுவில் வந்து நின்னுச்சு.

செய்து பார்க்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முறுக்கு சரியாகும்வரை முழுசா இழுக்காதீங்க. கண்ணாடி போட்டுக்கோங்க. இழுக்கும்போது லிம்புக்கு நேரா யாரையும் நிற்க விடாதீங்க, ஆசையா வேடிக்கை பார்க்க வர்ற தம்பி தங்கச்சியைக்கூட. சூடாக்கின மரத்தை இன்னொரு தடவை சூடாக்கலாம். சுரண்டின மரத்தை ஒட்ட வைக்க முடியாது.