பூண்டு: தட்டினால் மட்டும் போதாது

குழம்பில் முழுசாக மிதக்கும் பூண்டு ருசிக்கு நல்லது. மருந்துக்கு அவ்வளவு உதவாது. பல்லை நசுக்கும்போதுதான் அதிலுள்ள அல்லினேஸ் நொதி வேலை செய்து அல்லிசினை உண்டாக்குகிறது. மூக்கைத் துளைக்கும் வாடை அதனால்தான். 1944-இல் அமெரிக்காவில் இதைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவை எதிர்க்கிறது என்று காட்டினார்கள். நொதிக்குச் சூடு ஆகாது. ஆகவே தட்டிய பூண்டைப் பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்து, ரசத்தை இறக்கும் நேரத்தில் போடுங்கள்.

சளிக்கும் வாயுவுக்கும் பூண்டுப் பால், பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு என்பது பாட்டி வைத்தியம். பாலில் வெந்தால் காரம் அடங்கும், வயிறு எரியாது. இரத்த அழுத்தத்தையும் பூண்டு கொஞ்சம் குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வார்ஃபரின், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் பூண்டு மாத்திரை தொடங்குமுன் கேட்டுக்கொள்வது அவசியம். ஆபரேஷனுக்கு முன்பும் சொல்லிவிடுங்கள், இரத்தம் உறையத் தாமதமாகலாம். சமையலில் சேரும் நாலு பல்லுக்குப் பயப்பட வேண்டாம்.

பருவில் பச்சைப் பூண்டை அரைத்துப் பூசுவது வேண்டாத வேலை. தோல் வெந்து கொப்புளம் போடும். குழந்தைகளுக்கு இன்னும் மோசம்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று: பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைப்பது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் கிருமி வளர்ந்து நஞ்சைச் சுரக்கும்; வாடையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. ஃபிரிட்ஜில் வைத்து, நாலு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.