தாம்பூலம் மாற்றும் முன் பேசி முடிக்க வேண்டியவை

அன்புள்ள தம்பி மகனுக்கு,

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம், மேல்விஷாரம் என்று பாலாற்றுப் படுகையின் தோல் ஊர்களில் கல்யாணப் பேச்சு இரண்டு வழியில் தொடங்குகிறது. தரகரோ உறவுக்காரரோ போட்டோவோடு வந்து தொடங்கி வைப்பது ஒன்று. ஷூ கம்பெனியில் ஒரே லைனில் வேலை செய்கிறவர்களோ, ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர்களோ தாங்களே முடிவு செய்துகொண்டு வீட்டில் சொல்வது மற்றொன்று. முதல் வழியில் பெரியவர்கள் முடித்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பேச வாய்க்கிறது. இரண்டாவதில் பிள்ளைகள் முடித்த பிறகுதான் பெரியவர்களுக்குத் தெரிகிறது. இரண்டிலும் காரியம் கெடுவது ஒரே இடத்தில்தான்: பேசியிருக்க வேண்டியது பேசப்படாமலே தட்டு மாறிவிடுகிறது.

விருப்பத்தைக் கேட்பதில் பழந்தமிழ் மரபு ஒரு வரிசை வைத்திருந்தது. அகப்பாடல்களில் களவு நீளும்போது, பெண் கேட்டு வரச் சொல்லித் தலைவனை நெருக்குகிறவள் தோழி. அதற்கு வரைவு கடாதல் என்று பெயர். செய்தி வீட்டுக்குப் போவதும் அவள் மூலம்தான். தோழி செவிலியிடம் சொல்ல, செவிலி நற்றாயிடம் சொல்ல, அதன் பிறகே அப்பனுக்கும் அண்ணன்மாருக்கும் எட்டும். இதற்கு நேர் எதிராக, பனைமடலால் செய்த குதிரையில் ஏறி, ஊர் பார்க்கத் தன் காதலைச் சொல்லிப் பெண்ணைக் கேட்பதும் உண்டு. அப்படி மடலேறிவிட்ட நிலையைத் தொல்காப்பியம் பெருந்திணையில், அதாவது பொருந்தாத காமத்தில் சேர்த்தது. கூட்டத்தின் நடுவே கேட்டால் பெண்ணால் மறுக்க முடியாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இன்றைய மடல் ரீல்ஸ். ஏலகிரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் ஏறிப்போய், நண்பர்கள் செல்போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, முழங்காலிட்டு மோதிரம் நீட்டுவது சினிமாவிலிருந்து வந்த பழக்கம். அதில் வைரம் தவறாமல் இடம்பெற்றதற்குப் பெரிய காரணம் டி பீர்ஸ் நிறுவனத்தின் விளம்பரம். வைரத்தையும் அழியாத காதலையும் முடிச்சுப் போட்ட அதன் புகழ்பெற்ற வாசகம் எழுதப்பட்டது 1947-ல்தான். மோதிரம் தருவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கேள்வியைத் தனியாகக் கேட்டு, யோசிக்க அவகாசம் கொடுத்து, பதில் வந்த பிறகு படம் எடுத்துக்கொள்வதே முறை.

கேட்கிறவன் சூப்பர்வைசராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அப்பர் தைக்கிற பெண்ணின் டார்கெட், லீவு, ஓவர்டைம் எல்லாம் அவன் கையில் இருக்கும்போது, அவள் சிரித்துக்கொண்டு நகர்ந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒருமுறை வேண்டாம் என்ற பெண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்பது 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகாருக்கு உரியது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் அதற்கென உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும்.

பெண் சரி என்ற பிறகு வீடு. நேராக அப்பாவிடம் போய் நிற்பது தைரியம்தான், ஆனால் காரியத்துக்கு உதவாது. அம்மாவோ அத்தையோ முதலில் அறிய வேண்டும். அடுத்த ஆள் தாய்மாமன். தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணங்களில் கால் பங்குக்கும் மேல் சொந்தத்துக்குள் நடப்பவை என்று தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. அதனால் முறைப்பையனோ முறைப்பெண்ணோ இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சை மரியாதையாக முடித்துவிட்டே புதுப் பேச்சை எடுக்க வேண்டும். கடைசியாகச் செய்தி அறிகிற தாய்மாமன்தான் எதிர்ப்புக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்.

முஸ்லிம் வீடுகளில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். ஒருவர் பெண் கேட்டு அந்தப் பேச்சு முறியாமல் நிற்கும்போது இன்னொருவர் இடையில் புகுந்து கேட்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. பெண் தரப்பிலிருந்து கேட்கக்கூடாது என்றும் எதுவும் இல்லை. கதீஜா நாயகியே தோழி மூலம் நபிகளிடம் விருப்பம் தெரிவித்ததாக வரலாறு சொல்கிறது. நிக்காஹ் அன்று பெண்ணின் சார்பில் பேசுகிறவர் சாட்சிகளோடு அவள் இருக்கும் அறைக்குப் போய், மாப்பிள்ளை பெயரையும் மஹர் தொகையையும் சொல்லிச் சம்மதம் கேட்பார். சுற்றிலும் உறவுப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருக்க, ஜமாஅத்தின் நிக்காஹ் புத்தகத்தை நீட்டும்போது அவளால் வேறு என்ன சொல்ல முடியும்? உண்மையான கேள்வியை மாதங்களுக்கு முன்பே யாராவது அவளிடம் தனியாகக் கேட்டிருக்க வேண்டும்.

இந்து வீடுகளில் பெண் பார்க்க வந்தவர்கள் காபி, கேசரியோடு நிறுத்திக்கொள்வார்கள். சம்பந்தம் பிடித்துப்போனால்தான் கை நனைப்பது. அதற்கும் தாம்பூலம் மாற்றுவதற்கும் நடுவே கிடைக்கும் சில வாரங்கள்தான் பேச வேண்டியதைப் பேசுவதற்கான காலம். அந்த வாரங்களை மண்டபம் தேடுவதிலும், பிரியாணிக்கு எத்தனை கிலோ அரிசி, கறி யார் செலவு என்பதிலும் இரண்டு வீடும் தீர்த்துவிடுகின்றன. ஆம்பூரில் பிரியாணி சரியில்லை என்றால் பத்து வருஷம் பேசுவார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அது மூன்றாவது, நான்காவது விஷயமே.

முதல் விஷயம் பெண்ணின் சம்பளம். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள்: அம்மா பேரில் ஒரு சீட்டு, அடகில் இருக்கும் நகைக்கு வட்டி, தம்பியின் காலேஜ் பீஸ். கல்யாணம் ஆனதும் இவை நின்றுவிடும் என்று மாப்பிள்ளை வீடு நினைக்கிறது. கொஞ்ச காலமாவது தொடரும் என்று பெண் வீடு நினைக்கிறது. இரண்டு வீடும் வாய் திறப்பதில்லை. முதல் மாதச் சம்பள நாளில்தான் வெடிக்கிறது. மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், யார் கையில் என்று ரூபாயில் பேசிவிட்டால் வெட்கம் ஒரு நாளோடு போகும்.

இரண்டாவது, வேலை தொடருமா என்பது. “கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்” என்றால் பெரும்பாலும் நிறுத்திவிடுவோம் என்றே அர்த்தம். அவசரப்பட்டு வேலையை விடுகிற பெண் சம்பளத்தை மட்டும் இழப்பதில்லை. இஎஸ்ஐ உள்ள வேலையில் முதல் இரண்டு பிரசவத்துக்கும் 26 வாரம் வரை சம்பளத்துக்கு ஈடான பேறுகாலப் பணம் உண்டு. வேலையை விட்டு நாளாகிவிட்டால் அது போய்விடும். சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபோவதாக இருந்தாலும் பிஎஃப் கணக்கை மூடாமல் அதே எண்ணிலேயே புது வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். தனிக்குடித்தனமா கூட்டுக் குடும்பமா, ராத்திரி ஷிப்ட் போகலாமா, சமையல் யார் என்பவையும் இந்தப் பேச்சோடு சேர்ந்தவை.

அடுத்தது நகை. “உங்க பொண்ணுக்குத்தானே போடுறீங்க” என்கிற சாமர்த்தியமான பேச்சுக்கு 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தில் இடமில்லை. கேட்பது, வாங்குவது, கொடுப்பது மூன்றுமே குற்றம். கொடுக்கல் வாங்கலுக்குப் பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாத சிறை. முஸ்லிம் கல்யாணத்தில் மணமகன் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் மட்டும் இந்தச் சட்டத்தில் வராது. அது அவள் சொத்து. மஹரைப் பேருக்கு எழுதிவிட்டுப் பெண் வீட்டிலிருந்து பவுனும் பைக்கும் வாங்குகிறவர்கள் மார்க்கத்தையும் மீறுகிறார்கள், சட்டத்தையும் மீறுகிறார்கள். யாரும் கேட்காமல் அன்பாக வந்த சீருக்கு, 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி, என்ன பொருள், என்ன மதிப்பு, யார் தந்தது என்று பட்டியல் எழுதி மணமக்கள் கையெழுத்திட வேண்டும். சண்டையில் முதலில் தேடப்படும் காகிதம் இது. எழுதி வைத்திருக்கும் வீடுகள் மிகக் குறைவு.

சாதியோ மதமோ வேறாக இருந்தால் கசப்பான பேச்சு வரத்தான் செய்யும். அதைப் பொறுமையாகக் கேட்கலாம், பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது முடிந்து இருவரும் சம்மதித்துவிட்டால் குடும்பத்தின், சாதியின், ஊரின் அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சக்தி வாஹினி வழக்கில் சொல்லிவிட்டது. மிரட்டல் வந்தால் பாதுகாப்புத் தர வேண்டியது போலீசின் கடமை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மதம் மாறாமல் மணக்க 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் முன்னதாகப் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது அங்கே பார்வைக்கு ஒட்டப்படும் என்பதால், வீட்டில் சொல்வதாக இருந்தால் அதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

எந்த முறையில் கல்யாணம் நடந்தாலும், கோயில் ரசீதும் ஜமாஅத் சான்றும் இருந்தாலும்கூட, 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை அவகாசம் உண்டு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே இருவருடைய வயதுச் சான்றையும் முகவரிச் சான்றையும் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. பத்திரிகை அச்சானதும் அதிலும் ஒன்றை அந்தக் கவரில் சேர்த்துவிட வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா