அந்த ஐந்து மதிப்பெண்

கேள்வி: எனக்கு 36 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை. என் சிறுவயதில் அப்பா தினமும் குடித்துவிட்டு வருவார். தெருமுனையில் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டதுமே நானும் தம்பியும் போர்வைக்குள் புகுந்து தூங்குவதுபோல் கிடப்போம். அம்மா அடி வாங்குவது காதில் விழும். என் கணவர் குடிக்காதவர், சாது. ஆனாலும் அவர் கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அன்று தூக்கம் போச்சு. ஏழு வயது மகன் பாலைக் கொட்டினால்கூடக் கத்திவிடுகிறேன். செல்போனில் வந்த 'சிறுவயதுப் பாதிப்பு' தேர்வில் பத்துக்கு ஐந்து வந்தது. ஆயுளே குறையுமாமே? அதே வீட்டில் வளர்ந்த தம்பி நன்றாகத்தானே இருக்கிறான்? என் மகனும் என்னைப்போல் ஆகிவிடுவானா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அந்த ஐந்தை இறக்கி வைத்துவிடுவோம்.

அமெரிக்காவில் உடல் எடை குறைப்பு சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைப் பார்த்து அவர்களிடம் பேசினார். பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. அங்கே தொடங்கியதுதான் அந்தக் கேள்விப் பட்டியல். அவரும் ஆய்வாளர் ராபர்ட் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட முதல் முடிவில் 9,508 பேரின் பதில்கள் இருந்தன. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பம் கண்டவர்களிடம் மனச்சோர்வு, குடிநோய், தற்கொலை முயற்சி எல்லாம் பல மடங்கு அதிகமாக இருந்தன. முக்கியமான ஆய்வு, சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஆளின் எதிர்காலத்தை அதை வைத்துச் சொல்லக் கூடாது என்று ஆண்டாவே 2020இல் எழுதினார். ஒருமுறை நடந்ததற்கும் பத்து வருடம் நடந்ததற்கும் அதில் ஒரே மதிப்பெண். அரவணைக்க ஒரு பாட்டியாவது இருந்தாரா என்ற கேள்வியே கிடையாது. இதைப் போய் ஜாதகம்போலச் சுற்றவிடுகிறார்களே என்று எனக்கு எரிச்சல்தான்.

உங்கள் படபடப்பு உண்மையானது. சத்தம் வந்தால் அடுத்தது அடி என்று அந்த வயதில் உங்கள் மூளை கற்றுக்கொண்டது. அன்று அது சரியான பாடம். மூளையில் ஆபத்தைக் கண்காணிக்கும் அமிக்டலா என்ற பகுதி, நீங்கள் யோசிப்பதற்கு முன்பே அட்ரினலினைச் சுரக்க வைத்துவிடும். கணவர் நல்லவர் என்பது உங்களுக்குத் தெரியும்; அந்தப் பகுதிக்கு அது போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகிறது. பழைய பாடத்தை அழிக்க முடியாது, அதன் மேல் புதிய பாடம் ஏற்றலாம். சிகிச்சையில் நடப்பது பெரும்பாலும் அதுதான். அதற்கு முன் தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். படபடப்புக்கு அவையும் காரணமாகலாம்.

தம்பி விஷயம். ஒரே வீடு என்பதால் ஒரே குழந்தைப் பருவம் ஆகிவிடாது. மூத்த பெண் பெரும்பாலும் காவல்காரியாகிவிடுகிறாள்: தம்பியின் வாயைப் பொத்துவதும், காலையில் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிலவரம் கணிப்பதும் அவள் வேலை. தம்பி உண்மையிலேயே நன்றாக இருக்கலாம். நம் ஊரில் ஆண்கள் இதையெல்லாம் வெளியே சொல்வதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில், 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் உடன் பணியாற்றியவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நிலையான, அன்பான மனிதர்களாகவே வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பக்கபலமாக நம்பக்கூடிய ஒரு பெரியவர் பெரும்பாலும் இருந்தார்.

உங்கள் மகனுக்கு அப்படி இரண்டு பேர் இருக்கிறீர்கள். கத்திவிட்டால், கோபம் தணிந்ததும் அவன் உயரத்துக்குக் குனிந்து, "அம்மா கத்தினது தப்பு, பால் கொட்டினதுக்கு அவ்வளவு கோபப்பட்டிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். 'ஆனா நீயும்...' என்று இழுக்காதீர்கள். எந்த நேரத்தில் கத்துகிறீர்கள் என்றும் பாருங்கள்; தூங்காத இரவுக்கு மறுநாளாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அடிப்பதாக இருந்தால் அதை இன்றே நிறுத்த வேண்டும், இதில் பேரம் இல்லை.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அதற்கும் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றி, எந்த நேரத்திலும், தமிழிலேயே பேசலாம். அப்பாவை மன்னிப்பதா வேண்டாமா என்றெல்லாம் இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை, தூக்கம் சரியாகட்டும். மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்வார், எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.